மார்ச் கணக்கு முடியட்டும் என்றேன்

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? இங்கே அம்மாவும் நானும் நலம்.

பித்தப்பைக் கல்லால் உனக்கு வந்த கணைய அழற்சியைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னதையே இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். "வலி போயிடுச்சுப்பா. லைப்பேஸ்னு அந்தக் கணைய நொதி இருநூறுக்குக் கீழ வந்துடுச்சு. பித்தப்பை ஆபரேஷனைக் குட்டிக்கு ஆறு மாசம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாய். எனக்குப் பேச வரவில்லை. அம்மா போனை வாங்கிக்கொண்டாள். இதே பேச்சை 2009 ஜனவரியில் நான் பேசியிருக்கிறேன். அப்போது குட்டி இல்லை, மார்ச் கணக்கு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருடம் எனக்கு என்ன நடந்தது என்பதை உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. உனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. சாத்தூர் அத்தை வீட்டில் உன்னை விட்டுவிட்டு, அப்பா ஆடிட் வேலையாக மதுரையில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னோம். பிறகு கேட்டபோதெல்லாம் "வயித்துல ஒரு ஆபரேஷன்" என்று முடித்துக்கொண்டேன். என் மஞ்சள் ஃபைல் பீரோவில் இருக்கிறது, உனக்குத் தெரியும். இப்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தேதியும் எண்ணும் எல்லாம் அதிலிருந்துதான்.

முதல் வலி 2009 காணும் பொங்கல் இரவு வந்தது. மதியம் கறி விருந்து. ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்தது. பத்து நிமிடத்தில் அது முதுகுக்குப் போய்விட்டது. முன்னால் குத்திய கம்பி பின்னால் வெளியே வந்தது மாதிரி. மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கியது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள், வாந்தியாக வந்தது. பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிந்ததும் மாரடைப்போ என்று பயந்து இ.சி.ஜி. எடுத்தோம். அது சரியாக இருந்தது. சாயங்காலம் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டூட்டி டாக்டர், சின்னப் பெண், நான் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே ரத்தத்தில் அமைலேஸ் என்ற, உணவைச் செரிக்கக் கணையம் சுரக்கிற நொதியின் அளவைப் பார்க்கச் சொன்னார். 110-க்குள் இருக்க வேண்டியது 1,840 இருந்தது. ஸ்கேனில் பித்தப்பை நிறைய கடுகும் துவரம்பருப்பும் போலச் சின்னச் சின்னக் கற்கள்.

பான்கிரியாடைட்டிஸ் என்றார்கள். கணைய அழற்சி. அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. நாலாம் நாளே வலி இல்லை. பசித்தது. டிஸ்சார்ஜ் அன்று சர்ஜன் வந்து, இரண்டு வாரத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார். "கல் உள்ளதான் இருக்கு சார். இன்னொண்ணு எப்ப இறங்கும்னு யாரும் சொல்ல முடியாது." நான் கூட்டுறவு வங்கியில் கேஷியர். மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும், கடன் வசூல் பாக்கி, செயலாளர் லீவு தரமாட்டார். ஏப்ரலில் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு மாதம் எண்ணெய், கறி எதையும் தொடவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

பாப்பா, அந்தக் கல் என்ன செய்கிறது என்பதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அப்போது யாரும் படம் வரைந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்திருப்பேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது, எடை நூறு கிராமுக்குள். முதுகெலும்பின் மேல் கிடப்பதால்தான் வலி முதுகில் குத்துகிறது. அந்தச் சின்ன உறுப்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் செரிமான நீர் சுரக்கிறது. நாம் தின்கிற சோறு, பருப்பு, கறி, நெய் எல்லாவற்றையும் கரைக்கிற நீர். கறியைக் கரைக்கிற நீர் கணையத்தை ஏன் கரைப்பதில்லை? அதிலுள்ள வீரியமான நொதிகளைக் கணையம் பூட்டு போட்ட நிலையில்தான் செய்து அனுப்புகிறது. சிறுகுடலுக்கு வந்த பிறகுதான் அங்கே இருக்கிற இன்னொரு நொதி பூட்டைத் திறக்கிறது. பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடலுக்குள் ஒரே வாசலில் வந்து முடிகின்றன. சில மில்லிமீட்டர் அகலமுள்ள வாசல். பித்தப்பையிலிருந்து நழுவுகிற ஒரு கல் அங்கே வந்து சிக்கினால், சிறிது நேரம் சிக்கிவிட்டுப் போனால்கூட, கணைய நீர் வெளியேற வழியில்லாமல் நின்று, பூட்டு உள்ளேயே திறந்துகொள்கிறது. கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. பிராகில் இருந்த ஹான்ஸ் கியாரி என்ற டாக்டர் 1896-லேயே இதைச் சொல்லிவிட்டார். 1901-ல் பால்டிமோரில் யூஜீன் ஓப்பி, இந்த நோயில் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, அந்த வாசலில் ஒரு சின்னக் கல் அடைத்திருந்ததைக் கண்டார். கல் எப்படிக் கணையத்தைப் பிடிக்கிறது என்பது அப்படித்தான் விளங்கியது.

"சின்னச் சின்னக் கல்தான்பா" என்று நீ ஆறுதலாகச் சொன்னாய். பெரிய கல் பித்தப்பைக்குள்ளேயே கிடந்துவிடும், பாப்பா. குழாய்க்குள் இறங்கிக் கீழே வரை வருவது சின்னக் கல்தான்.

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. வங்கியில் கவுண்டரில் இருந்தேன். மதியம் சாப்பிட்டது தயிர்சோறு, ஊறுகாய்கூட இல்லை. மூன்று மணிக்கு வலி வந்தது, தெரிந்த வலி. பெட்டியை எண்ணிப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். இந்தத் தடவை மதுரைக்குப் போனோம். அமைலேஸ் 960. முதல் தடவையில் பாதிதானே, லேசாகத்தான் இருக்கும் என்று அம்மாவுக்கு நானே சொன்னேன். அந்த எண் நோயைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், எவ்வளவு கடுமை என்பதை அது காட்டாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆகவே உன் லைப்பேஸ் இரண்டாயிரத்திலிருந்து இருநூறுக்கு வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதே. அது இந்தத் தடவை வந்த வீக்கம் வடிகிறது என்கிறது, அவ்வளவுதான். பித்தப்பைக்குள் இருக்கிற கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மறுநாள் எனக்கு மூச்சு வாங்கியது. சிறுநீர் நின்றுபோனது. இதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு நினைவில்லை, ஃபைலில்தான் இருக்கிறது. ஆறு நாள் வென்டிலேட்டர், மூன்று டயாலிசிஸ். வயிற்றுக்குள் ஒரு சாண் உறுப்பு வெந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் ஏன் நிற்க வேண்டும் என்று பிறகு கேட்டேன். கணையத்திலிருந்து கிளம்புகிற அழற்சி ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறதாம். ரத்தக் குழாய்களிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியே இறங்கிவிடுகிறதாம். கைகால் வீங்கிக் கிடக்கும்போதே ரத்தத்தில் தண்ணீர் இருக்காது. உறுப்பு நின்று 48 மணி நேரத்துக்குள் மீண்டுவிட்டால் நடுத்தரம், அதற்கு மேலும் மீளாவிட்டால் கடுமை என்று இப்போது பிரிக்கிறார்கள். என்னுடையது எந்தப் பக்கம் என்று நீயே பார்த்துக்கொள்.

நினைவு வந்த பிறகு விரல்கள் தாமாக மடங்கி இழுத்தன. கால்சியம் இறங்கிவிட்டது என்று ஊசி போட்டார்கள். கணையத்தைச் சுற்றியிருக்கிற கொழுப்பை அதன் நொதியே கரைக்கிறது. கரைந்த கொழுப்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு போல உறைகிறது. என் வயிற்றைத் திறந்தபோது சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது என்று சர்ஜன் பிறகு சொன்னார்.

சி.டி. ஸ்கேனில் கணையத்தின் பாதிக்கு ரத்தம் போகவில்லை. அந்தப் பாதி செத்துவிட்டது. செத்த சதையில் கிருமி சேராதவரை தொட வேண்டாம், சேர்ந்தாலும் நாலு வாரம் தாண்டினால் செத்தது தனியே பிரியும் என்று காத்திருந்தார்கள். மூக்கு வழியாகக் குடல் வரை குழாய் விட்டுக் கஞ்சி போல ஏதோ ஏற்றினார்கள். ஏப்ரல் நடுவில் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. வயிற்றைக் குறுக்காகத் திறந்து செத்ததை வழித்து எடுத்தார்கள். அன்றைக்கே பித்தப்பையையும் எடுத்தார்கள். ஜனவரியில் மூன்று நாளில் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய வேலை அது.

அடுத்த வருடமே, 2010-ல், நெதர்லாந்து டாக்டர்கள் வேறு வழியைச் சோதித்து எழுதினார்கள். எடுத்ததும் வயிற்றைத் திறக்காமல் முதலில் ஒரு குழாய் போட்டுச் சீழை வடிக்கிறார்கள், தேவைப்பட்டால்தான் அடுத்த படி. மூன்றில் ஒருவருக்குக் குழாயே போதுமாக இருந்தது. இப்போது எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பையிலிருந்தே வடிக்கிறார்கள். எனக்கு வயிற்றில் பெல்ட் போட வேண்டியிருப்பது அந்தப் பழைய காலத்து வெட்டால் வந்த குடலிறக்கத்தால்தான். அந்த டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குத் தெரிந்ததை அக்கறையோடு செய்து என்னைக் காப்பாற்றினார்கள்.

மொத்தம் 71 நாள். மே மாதம் உன் ரிசல்ட் வந்ததும் அத்தை உன்னை மதுரைக்குக் கூட்டி வந்தாள். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தவள், என்னைத் தாண்டி அடுத்த கட்டிலில் இருந்தவரைப் பார்த்து "அப்பா" என்றாய். 74 கிலோ இருந்தவன் 51 கிலோ ஆகியிருந்தேன். நீ அழக்கூடாது என்று அறிவியலில் எவ்வளவு மார்க் என்று கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று இத்தனை வருடமாக நான் கேட்கவில்லை.

அம்மாவின் நகை எல்லாம் போனது. கிழக்கே இருந்த ஒண்ணரை ஏக்கரும் போனது. உன்னை சென்னையில் படிக்க வைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன், இங்கேயே பக்கத்துக் கல்லூரியில் சேர்த்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரணத்தை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

பணத்தைவிட அம்மாவை வாட்டியது வேறு. ஐ.சி.யூ. வாசலில் வந்த ஒவ்வொருவரும் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரோ?" வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவன் நான். என்னைப் பெற்ற ஊரிலிருந்து வந்த பெரியப்பாவே நம்பவில்லை. உன் மாமியாரும் போன வாரம் மாப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டதாகச் சொன்னாயே, அவர்கள் மேல் கோபப்படாதே. கணையம் என்றால் சாராயம் என்று ஊரில் பதிந்துவிட்டது. பித்தப்பைக் கல்லும் குடியும்தான் இந்த நோய்க்கு இரண்டு பெரிய காரணங்கள். பொறுமையாகச் சொல், புரிந்துகொள்வார்கள்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் என்றேனே, நீ அப்பா என்று கூப்பிட்டவர், அவர் குடியால் வந்தவர். வயது முப்பத்திநாலுதான், நோய் அவரை ஐம்பது போல ஆக்கியிருந்தது. மூன்றாவது தடவை. நர்ஸுகள்கூட அவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ராத்திரி வலி வரும்போது அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். நான் உட்கார்ந்த மாதிரியே. கல்லால் வந்த வலிக்கும் குடியால் வந்த வலிக்கும் வித்தியாசம் கிடையாது. கல்லை எடுத்தால் என் காரணம் தீர்ந்தது. அவருக்கு அப்படி எடுத்துப்போட ஒன்றும் இல்லையே என்று இருக்கும். இன்னொரு பையன், சர்க்கரை நோயாளி, அவன் ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால் மேலே பால் போல மிதந்தது. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டினாலும் கணையம் இப்படி வேகும். சில மாத்திரைகளால், கால்சியம் ஏறுவதால், பொன்னுக்கு வீங்கியால், சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியதால் என்று எத்தனையோ வழியில் இது வருகிறது.

சம்பந்தியம்மா இன்னொன்றும் கேட்டார்களாம், அப்பாவுக்கு இருந்ததால் மகளுக்கும் வந்ததா என்று. நியாயமான கேள்வி. பித்தப்பைக் கல் குடும்பத்தில் ஓடும், உண்மைதான். ஆனால் உனக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் பித்தநீரில் கொலஸ்டிராலைக் கூட்டும், பித்தப்பை சரியாகச் சுருங்காமல் மந்தமாகும். அதனால் பிரசவத்துக்குப் பிறகு கல் தெரிவது எங்கும் நடக்கிறது. மேலும், குட்டி பிறந்த இரண்டு மாதத்தில் 11 கிலோ குறைத்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னாயே, வேகமாக எடை குறைந்தாலும் கல் உருவாகும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பாப்பா. உனக்கு யார் சொன்னார்கள்?

கணையமே பரம்பரையாகக் கெடுகிற நோய் வேறு இருக்கிறது, 1996-ல் அதற்கான முதல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். உன் மாமா மரவள்ளிக்கிழங்கைச் சொல்கிறாரே, அது இன்னொரு நோய். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான ஆட்களைப் பார்த்து எழுதிய நோய். இளவயதிலேயே கணையக் குழாய்க்குள்ளேயே கல் கட்டி, சர்க்கரையும் வந்துவிடும். கிழங்கைச் சந்தேகித்தார்கள், அது நிரூபணமாகவில்லை. உனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து கணையக் குழாய் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், நீ அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தேன். ஆகவே கிழங்கு பேச்சை விட்டுவிடு.

வாட்ஸ்அப்பில் உன் சித்தி அனுப்பிய வைத்தியத்தையும் பார்த்தேன். வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்கு என்று குடிப்பது. பித்தப்பைக் கல் வேறு பொருள், வேறு இடம். சாறு அங்கே போகவே போகாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வரும் என்ற வீடியோவும் இருந்தது. வெளியே வருவது அந்த எண்ணெய் குடலில் உறைந்து சோப்பாக ஆன உருண்டை. உன் நிலையில் அத்தனை எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை இறுகிச் சுருங்கும், ஒரு கல் கீழே வரலாம். தயவுசெய்து வேண்டாம். கல்லைக் கரைக்கிற மாத்திரை இருக்கிறது, ஆனால் சில வகைக் கல்லைத்தான், அதுவும் பல மாதம் எடுத்துக் கரைக்கும். நிறுத்தினால் மறுபடி வரும். உனக்கு அத்தனை மாதம் இல்லை.

எனக்கு வைத்தியம் பார்த்த சர்ஜன் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். இன்று காலையில் அவர் வீட்டுக்குப் போய் உன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன், எனக்குக் கணக்கில்தான் நம்பிக்கை. நெதர்லாந்தில் 23 மருத்துவமனைகளில், உன்னைப் போலக் கல்லால் லேசான கணைய அழற்சி வந்த 266 பேரைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்தார்கள். மறுபாதியை அனுப்பிவிட்டு ஏறக்குறைய நாலு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள், கல்லால் தொல்லை வந்து மறுபடி படுத்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 5, இரண்டாம் பாதியில் 17. 2015-ல் வெளியான கணக்கு. நாலு வாரம் தள்ளிப்போட்டதற்கே அது, பாப்பா. குட்டிக்கு ஆறு மாதம் முடியட்டும் என்று நீ இன்னும் மூன்று மாதம் கேட்கிறாய்.

"நூத்துல எம்பது பேருக்கு லேசாத்தான் வந்து போகும்னு டாக்டரே சொன்னாங்கப்பா" என்று நீ சொல்வாய். சரி. எனக்கும் முதல் தடவை அந்த எண்பதில்தான் வந்தது. அடுத்த கல் எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது.

குட்டியைப் பற்றிய உன் கவலைக்கு வருகிறேன், உன் முழுத் தயக்கமும் அங்கேதான் இருக்கிறது. சர்ஜனின் மருமகள் மயக்க மருந்து டாக்டர். அவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். ஆபரேஷன் முடிந்து மயக்கம் நன்றாகத் தெளிந்து, குழந்தையைப் பிடிக்கிற தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம். பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. முன்னாலேயே கொஞ்சம் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை கெடாது, வெளியே வைத்தால் நாலு மணி நேரம். பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற வலி மாத்திரை தருவார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளை, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. சில வாரத்துக்குக் கனமான பாத்திரம் தூக்கக்கூடாது, அதற்குத்தான் அம்மா இருக்கிறாள். இதை 71 நாளோடு ஒப்பிட்டுப் பார். இரண்டாவது தடவை வந்து நீ ஐ.சி.யூ.வுக்குள் போனால் குட்டிக்கு எத்தனை நாள் பால் இருக்காது?

பித்தப்பை இல்லாமல் எப்படிச் செரிக்கும் என்று மாப்பிள்ளை கேட்டார். பித்தநீரைச் செய்வது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கிற பை மட்டும்தான். எடுத்த பிறகு நீர் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும், பிறகு பழகிவிடும். கணையம் போனால்தான் ஈடு கிடையாது. பெர்லினில் படித்துக்கொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1869-ல் கணையத்துக்குள் கண்ட சின்னத் திட்டுகளிலிருந்துதான் இன்சுலின் வருகிறது. என் கணையத்தில் அதில் பாதி போய்விட்டது. அதனால் தினமும் ஊசி. நொதியும் போதவில்லை. அதனால் சாப்பாட்டோடு அந்தப் பெரிய மாத்திரை. நான் ஏன் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையைத் தடவுகிறேன் என்று முன்பெல்லாம் கேட்பாயே, இதற்குத்தான்.

மற்றபடி உன் டாக்டர்கள் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் நாளே இட்லி கொடுத்தார்கள் என்று அம்மா பதறினாள், எனக்குப் பன்னிரண்டு நாள் தண்ணீர்கூடத் தரவில்லையே என்று. இப்போது முறை மாறிவிட்டது. பசித்தால் சீக்கிரம் சாப்பிடச் சொல்கிறார்கள். குடல் சும்மா கிடந்தால் அதன் சுவர் பலமிழந்து கிருமி உள்ளே கடக்கும் என்பதால்.

ஆபரேஷன் தேதி வரும்வரை நெய், வறுவல் வேண்டாம். ஆனால் பத்தியமாக இருக்கிறேன், அதனால் வராது என்று மட்டும் நினைக்காதே. நான் தயிர்சோறு சாப்பிட்ட அன்றுதான் வந்தது. மேல்வயிற்றில் மறுபடி வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கருத்துப் போவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் பக்கத்து கிளினிக்குக்குப் போகாதே. ஐ.சி.யூ.வும் சி.டி. ஸ்கேனும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போ. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோ. கல் குழாயில் நின்று காய்ச்சல் வந்தால் வாய்வழியாகக் கருவி விட்டு அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள், ஆனால் நேரம் முக்கியம். மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு.

வரும் வெள்ளிக்கிழமை மும்பை வண்டியில் அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். கோவில்பட்டியில் ஏறி புனேயில் இறங்குகிறோம். அம்மா மூன்று மாதம் இருப்பாள், நான் உன் தையல் பிரிக்கும்வரை இருப்பேன். என் இன்சுலினுக்கு உன் ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் ஒரு தட்டு மட்டும் ஒழித்து வை. நாளைக்கு நீ டாக்டரைப் பார்த்து, அதற்கு அடுத்த வாரத்தில் எந்தக் கிழமை கிடைக்கிறது என்று கேட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. மஞ்சள் ஃபைலை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா